படித்த அக்காவே தடுப்பூசிக்குத் தயங்குகிறாள், என்ன சொல்லிப் புரியவைப்பது?

வெள்ளெலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பையனுக்கு ஒன்றே கால் வயது. பிறந்ததிலிருந்து எல்லா ஊசியும் தேதி தவறாமல் போட்டிருக்கிறார்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசி வந்ததும் வண்டி நின்றுவிட்டது. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. வேதியியலில் முதுகலை முடித்தவள், மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற ஆள்.

போன வாரம் நான் வாயை விட்டுவிட்டேன். "இவ்வளவு படித்துவிட்டு வாட்ஸப் வதந்தியை நம்புகிறாயா" என்று கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ராத்திரி உட்கார்ந்து பதினோரு இணைப்புகளைத் தேடி வரிசையாக அனுப்பினேன். எல்லாவற்றிலும் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா மூலமாகத்தான் செய்தி வந்தது: "அவன் ஒரு பிள்ளை பெற்று வளர்க்கட்டும், அப்புறம் வந்து எனக்குப் பாடம் எடுக்கட்டும்."

என் கேள்வி இதுதான். இவ்வளவு தகவல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது விவரம் தெரிந்தவர்களே ஏன் தயங்குகிறார்கள்? இவர்களிடம் எப்படிப் பேசுவது? முட்டாள்கள் என்று திட்டுவதற்காக இந்த இழையைத் திறக்கவில்லை. அதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டேன், பலிக்கவில்லை.


கறார் எழுதியது:

பதினோரு இணைப்பு எதற்குத் தம்பி, ஒன்று போதுமே. ஆட்டிசம் வரும் என்ற பயம்தானே? அது கிளம்பிய இடத்தைச் சொல்லுங்கள். 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை. அதில் ஆராய்ந்தது 12 குழந்தைகளை. பன்னிரண்டே பேர். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவருக்குப் பணம் வந்தது பிறகு வெளியே தெரிந்தது. 2010இல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளின் பதிவுகளை வைத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள், ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. இதை அனுப்புங்கள், கதை முடிந்தது.


வெள்ளெலி எழுதியது:

அண்ணா, அந்த டென்மார்க் ஆய்வுதான் நான் அனுப்பியதில் மூன்றாவது இணைப்பு.


ஊசிக்காரி எழுதியது:

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

பதினான்கு வருடமாகக் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற வேலையில் இருக்கிறேன், அதனால் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். தடுப்பூசியே வேண்டாம் என்று அடித்துப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. வருகிறவர்களில் பெரும்பாலோர் கேள்வி கேட்காமல் சட்டையை விலக்கிக் காட்டுகிறவர்கள். நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது, உங்கள் அக்கா மாதிரி. ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள், ஒன்றைத் தள்ளிப்போடுவார்கள், போட்ட பிறகும் ராத்திரி முழுக்கக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தயக்கம் என்று சொல்வது இவர்களைத்தான். இவர்களை எதிர்ப்பாளர்களோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினால், நாம் திட்டுகிற திட்டிலேயே பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

அடுத்தது, பயத்தின் கணக்கு வேறு மாதிரி ஓடும். தட்டம்மை வந்து பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அது நோய் செய்தது. ஊசி போட்டு ஏதாவது ஆனால் அது நான் செய்தது, நானே தூக்கிக்கொண்டு போய், நானே கையைப் பிடித்துக் கொடுத்தது. இலானா ரிட்டோவ், ஜொனாதன் பாரன் என்ற இருவர் 1990இல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஒரு நோய் 10,000 குழந்தைகளில் 10 பேரைக் கொல்லும், ஊசி அதைவிடக் குறைவானவர்களைக் கொல்லும் என்று கற்பனையாக ஒரு கணக்கைக் கொடுத்தால், ஊசிதான் லாபம் என்று தெரிந்தும் பலர் வேண்டாம் என்றார்கள். கணக்குத் தெரியாமல் இல்லை. தன் கையால் செய்த கெடுதலும் தானாக நடந்த கெடுதலும் மனசுக்கு ஒரே எடை இல்லை, அவ்வளவுதான். உங்கள் அக்கா வேதியியல் படித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நோயைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது வீட்டில் இல்லை என்பதும் ஒன்று. தொண்டை அடைப்பானில் மூச்சுக்குத் திணறுகிற பிள்ளையையோ, கக்குவானில் இருமி இருமி நீலம் பாய்ந்த கைக்குழந்தையையோ பார்த்தவர்களிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இப்போதைய அம்மாவுக்குக் கண்ணெதிரே இருப்பது ஊசி மட்டும்தான். ஊசி ஜெயித்ததாலேயே அதன் மேல் சந்தேகம் வருகிறது, வேடிக்கைதான்.

ஆட்டிசம் பற்றி: முதல் அறிகுறிகள் பல குழந்தைகளுக்கு இரண்டாம் வயதில் கண்ணில் படும், கூப்பிட்டால் திரும்புவது குறையும், வந்த வார்த்தை நின்றுபோகும். இந்த ஊசி போடுகிற வயதும் கிட்டத்தட்ட அதுவே. ஊசி போட்டோம், அடுத்த மாதம் பிள்ளை மாறிவிட்டான் என்று ஒரு அம்மா சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த வரிசை அதுதான். ஊசி போடாத பிள்ளைகளிலும் அதே அளவு வருகிறது என்பது ஒரு வீட்டுக்குள் இருந்து பார்த்தால் தெரியாது, லட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் அந்த இணைப்பு விஷயம். பிரெண்டன் நைஹனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 1,759 பெற்றோர்களிடம் இதைச் செய்து பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். ஆட்டிசத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற விளக்கத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். தொடர்பு இருக்கிறது என்ற நம்பிக்கை குறையத்தான் செய்தது. ஆனால் ஏற்கெனவே மிகவும் தயங்கிக்கொண்டிருந்தவர்களிடம், அடுத்த பிள்ளைக்குப் போடுவேன் என்ற எண்ணமும் சேர்ந்து குறைந்துவிட்டது. அந்த ஒரு வாதம் போனதும் மனம் வேறு காரணம் தேடிக்கொள்கிறது போல.

ஆகவே தம்பி, இன்னும் எதையும் அனுப்பாதீர்கள். நேரில் போய், "எதை நினைத்தால் உனக்குப் பயமாக இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். ஆட்டிசம்தான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்திருக்கிறீர்கள், அவள் அப்படிச் சொன்னாளா?


பழங்கணக்கு எழுதியது:

ஊசிக்காரி அக்கா சொன்னதற்கு ஒரு வால். இந்தத் தயக்கம் இணையத்தால் வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. தடுப்பூசிக்கு எவ்வளவு வயதோ அதற்கும் அவ்வளவு வயது. பெரியம்மைத் தடுப்பூசியைக் கொண்டுவந்த ஆங்கில மருத்துவர் ஜென்னர் 1796இல் எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு மாட்டம்மைச் சீழைக் கீறி வைத்தார். 1802இல் ஜேம்ஸ் கில்ரே ஒரு கேலிச்சித்திரம் போட்டார். அதில் ஊசி போட்டவர்களின் கை, முகம், மூக்கிலிருந்தெல்லாம் குட்டி மாடுகள் முளைத்து வரும். ஊசிக்குள் சிப் வைத்திருக்கிறான் என்று இப்போது வருகிற செய்திக்கு அது கொள்ளுத்தாத்தா.

ஆனால் அந்தக் காலத்து எதிர்ப்பு வெறும் கேலிச்சித்திரம் இல்லை. இங்கிலாந்தில் 1853இல் கைக்குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள், பிறகு அபராதத்தையும் இறுக்கினார்கள். அன்றைக்கு ஒரு பிள்ளையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் வைப்பார்கள். கையிலிருந்து கைக்கு. அந்த வழியில் மேகநோய் (சிபிலிஸ்) பரவியதும் உண்டு. அபராதம் கட்ட முடியாத ஏழைகளின் வீட்டுச் சாமானை ஏலம் விட்டார்கள். ஆக எதிர்த்தவனுக்குக் கோபப்பட நியாயம் இருந்தது. 1885 மார்ச்சில் லெஸ்டர் நகரத்தில் பல்லாயிரம் பேர் கூடி ஊர்வலம் போய் ஜென்னரின் பொம்மையைத் தூக்கில் போட்டார்கள். 1898இல் வந்த சட்டம் இரண்டு காரியம் செய்தது: மனசாட்சிப்படி மறுக்கிறவர்களுக்கு விலக்குக் கொடுத்தது, கையிலிருந்து கைக்கு மாற்றுவதையும் நிறுத்தியது. இரண்டாவதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பயந்தவன் சொன்ன குறைகளில் ஒன்று உண்மை, அதைச் சரிசெய்தார்கள்.

1955இல் அமெரிக்காவில் கட்டர் நிறுவனம் தயாரித்த போலியோ ஊசியின் சில தொகுதிகளில் உயிருள்ள கிருமி தங்கிவிட்டது, பிள்ளைகளுக்கு வாதம் வந்தது, இறப்பும் நேர்ந்தது. 1998இல் அனுமதி பெற்ற ரோட்டாஷீல்டு என்ற, வயிற்றுப்போக்கைத் தடுக்கிற சொட்டு மருந்தால் சில குழந்தைகளுக்குக் குடல் செருகிக்கொண்டது, அடுத்த வருடமே விலக்கிக்கொண்டார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு "தடுப்பூசியால் எதுவுமே ஆகாது" என்று பேசுகிற நம் ஆட்கள் மீதுதான் எனக்கு எரிச்சல். அவர்கள் மறைத்ததை நாளைக்கு ஒருவன் தோண்டி எடுத்துக் காட்டுவான், அப்புறம் நீங்கள் சொன்ன உண்மையும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

பசிபிக் தீவு நாடான சமோவாவில் நடந்தது நினைவிருக்கிறதா? 2018 ஜூலையில் இரண்டு குழந்தைகள் இந்த ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. ஊசியில் கோளாறு இல்லை. பொடியாக வரும் மருந்தைத் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும், தண்ணீர் என்று நினைத்துக் காலாவதியான தசைத் தளர்ச்சி மருந்தை விட்டுவிட்டார்கள். அரசு ஊசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்தியது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த நம்பிக்கை தரைக்கு வந்தது. 2019 கடைசியில் தட்டம்மை உள்ளே நுழைந்தது. சுமார் 2 லட்சம் பேர் வாழ்கிற அந்த நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோய், 83 சாவு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். டிசம்பரில் நாடே இரண்டு நாள் கடையடைப்பு. ஊசி போடாதவர்கள் இருக்கிற வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டுங்கள், நாங்களே வருகிறோம் என்று அரசு சொன்னது, மக்களும் கட்டினார்கள். அதே மக்கள்தான், ஒரு வருடத்துக்கு முன்னால் ஊசியைக் கண்டு பயந்தவர்கள்.


கறார் எழுதியது:

வரலாறு நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் இப்படி இரண்டு பக்கமும் நியாயம் பேசிக்கொண்டே போனால் கடைசியில் பிள்ளைக்குத்தான் நோய் வரும். தட்டம்மை வந்த ஒருவர், நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில், 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். அவர் இருமிவிட்டு அறையைவிட்டு வெளியே போன பிறகும் இரண்டு மணி நேரம் கிருமி காற்றில் இருக்கும். அதனால்தான் 100க்கு 95 பேர் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். ஊசி போடுகிற வயது வராத கைக்குழந்தை, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற பிள்ளை, இவர்களெல்லாம் மற்றவர்கள் போட்டுக்கொண்டதை நம்பித்தான் நடமாடுகிறார்கள். ஊரார் குடையில் நனையாமல் நின்றுகொண்டு "எனக்குக் குடை பிடிக்காது" என்று சொல்வதை எவ்வளவு நாள் பொறுமையாகக் கேட்பது?


அரைத்தூக்கம் எழுதியது:

பொதுவாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. கறார் அண்ணனுக்காக எழுதுகிறேன்.

நானும் அந்தக் குடைக்குள் நின்றவன்தான், கிட்டத்தட்ட ஒரு வருடம். என் மகளுக்கு இதே ஊசி போட்டு ஒன்பதாம் நாள் நல்ல காய்ச்சல். சாயங்காலம் மடியில் படுத்திருந்தவள் திடீரென்று விறைத்தாள். கண் மேலே போய்விட்டது, வாயோரம் நுரை, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டு நிமிடம் இருக்குமா, எனக்கு அது ஒரு ராத்திரி. நான் ஸ்பூனை வாயில் வைக்கப் போனேன், அது செய்யவே கூடாத காரியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தூக்கிக்கொண்டு ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் இழுப்பு நின்று தூங்கிவிட்டாள்.

அங்கே இருந்த மருத்துவரிடம், "ஒன்பது நாள் முன்னால் ஊசி போட்டோம், அதனாலா?" என்று கேட்டேன். கணினித் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்" என்றார். குறித்துக்கொள்ளவும் இல்லை. எந்த இடம், யார் என்பது வேண்டாம், அதுவல்ல விஷயம்.

அன்று ராத்திரி நான் தேட ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது: இந்த ஊசிக்குப் பிறகு 6 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் வலிப்பு வரலாம், ஏறக்குறைய 3,000 முதல் 4,000 பேரில் ஒருவருக்கு. மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கிற விஷயம். பெரும்பாலும் பின்விளைவு எதுவும் இல்லாமல் போய்விடும் என்றும் அதே இடத்தில் இருந்தது. ஆனால் எனக்கு அந்த இரண்டாவது வரி உள்ளே இறங்கவில்லை. சம்பந்தமில்லை என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாரே, இன்னும் எதையெல்லாம் மறைக்கிறார்கள் என்றுதான் ஓடியது. அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் எந்த மாதிரி இடங்களில் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் சொன்னது ஒன்றுதான்: "நீங்கள் பார்த்ததை நாங்கள் நம்புகிறோம்." வெளியே அதை ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்து வந்த ஊசிகளை எல்லாம் நிறுத்திவைத்தேன். பிறகு வேறொரு விஷயத்துக்காக வயதான குழந்தை மருத்துவர் ஒருவரிடம் போனபோது அவரே அட்டையைப் பார்த்து, ஏன் நின்றது என்று கேட்டார். சொன்னேன். முழுவதும் கேட்டார். எத்தனை நாள், எத்தனை நிமிடம், ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "ஊசியால் வந்த காய்ச்சலில் வந்த வலிப்புதான். உங்களுக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தட்டம்மையே வந்திருந்தால் 1,000 பேரில் ஒருவருக்கு மூளைக் காய்ச்சல் வரும், அது இந்த மாதிரி எழுந்து விளையாடுகிற விஷயம் இல்லை என்பதையும் அவர் சொன்னார். அதே கணக்கை நான் அதற்கு முன் இருபது முறை படித்திருக்கிறேன், ஒருமுறைகூட நம்பியதில்லை.

மீதி எல்லாம் போட்டாயிற்று. மகளுக்கு இப்போது ஏழு வயது, தூங்க விடுவதில்லை, பெயர்க்காரணம் அதுதான்.


கறார் எழுதியது:

சரி. குடை விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், உங்கள் அளவில்.


தாள்முனை எழுதியது:

எல்லோரும் மனசைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் வரிசையைப் பற்றிப் பேசுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் உலக ஆரோக்கியத்துக்குப் பத்து அச்சுறுத்தல்கள் என்று பட்டியல் போட்டபோது தடுப்பூசித் தயக்கத்தையும் அதில் வைத்தது. காரணமாக மூன்றைச் சொன்னார்கள்: மெத்தனம், நம்பிக்கைக் குறைவு, போட்டுக்கொள்வதில் இருக்கும் சிரமம். மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நான் ஒருமுறை தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிட்டுப் போனேன், அங்கிருந்த அம்மா ஐம்பது பேர் முன்னால் "ஒரு அட்டையைப் பத்திரமாக வைக்கத் தெரியாது, பிள்ளை பெறத் தெரியுமா" என்றார். அரை நாள் சம்பளம் போய், பிள்ளை அழுது, இந்தப் பேச்சும் வாங்கினால் அடுத்த முறை கால் அந்தப் பக்கம் போகுமா? ஆறு மாதம் போகவில்லை. கணக்கெடுப்பில் என்னையும் தயங்குகிறவள் என்றுதான் எழுதியிருப்பார்கள். எனக்கு ஊசி மேல் ஒரு சந்தேகமும் கிடையாது, அந்த மேசை மேல்தான்.


பழங்கணக்கு எழுதியது:

தாள்முனை, அருமை. மேலிருப்பவர்களே தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சேர்த்துவிடுகிறேன். ஜப்பானில் கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கிற ஊசியை 2013 ஏப்ரலில் தேசியத் திட்டத்தில் சேர்த்தார்கள். சில பெண்பிள்ளைகளுக்கு வலி, நடக்க முடியாமை என்று செய்திகள் வர, ஜூன் மாதமே அரசு "நாங்களாகப் பரிந்துரைக்க மாட்டோம், வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள்" என்று பின்வாங்கியது. தடையெல்லாம் போடவில்லை, சும்மா கையைக் கட்டிக்கொண்டது, அவ்வளவுதான். 70 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தது 1 சதவீதத்துக்கும் கீழே போயிற்று. நகோயா நகரத்தில் சுமார் 30,000 பெண்களிடம் கேட்டுப் பார்த்ததில், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அந்த அறிகுறிகளில் வித்தியாசம் இல்லை. மறுபடி பரிந்துரைக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. ஒன்பது வருடத்துப் பெண்பிள்ளைகள்.


வெள்ளெலி எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். ஊசிக்காரி அக்கா சொன்னபடியே நேரில் போனேன், முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். ரொம்ப நேரம் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

ஆட்டிசமே இல்லை! அந்த வேக்ஃபீல்டு கதை அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போன முறை ஊசி போடும்போது பையனை மேசையில் கிடத்தி வேறு யாரோ இரண்டு கையையும் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், அவன் தலையைத் திருப்பித் திருப்பி இவளைத் தேடியிருக்கிறான், இவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். "அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே" என்று நிறுத்திவிட்டாள். இது ஒன்று. இன்னொன்று, இந்த ஊசிக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வரும் என்று எங்கோ படித்திருக்கிறாள், மாமாவுக்கு ராத்திரி வேலை, தனியாக இருக்கும்போது வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். அதை வெளியே சொன்னால் கோழை என்று சொல்வோமாம். நான் அனுப்பிய பதினோரு இணைப்பிலும் இந்த இரண்டுக்கும் பதில் கிடையாது.

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் என்பது சரியா அக்கா? மற்ற ஊசிக்கெல்லாம் மறுநாளே வந்து போய்விட்டதே.


ஊசிக்காரி எழுதியது:

சரிதான். மற்ற ஊசிகள் பலவற்றில் இருப்பது செத்த கிருமி அல்லது அதன் துண்டு, உடம்பு உடனே முறைத்துக்கொள்ளும், ஓரிரு நாளில் அடங்கிவிடும். இது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தது. அது உள்ளே போய்க் கொஞ்சம் பெருகிய பிறகுதான் உடம்பு கவனிக்கும். ஆகவே காய்ச்சல் வருவதென்றால் ஏறக்குறைய 7ஆம் நாளிலிருந்து 12ஆம் நாளுக்குள் வரும், கூடவே லேசான தடிப்பும் வரலாம். எல்லோருக்கும் வராது. வந்தால் இரண்டு மூன்று நாளில் போகும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால்தான் பல அம்மாக்கள் எட்டாம் நாள் காய்ச்சலைப் பார்த்துவிட்டு, ஏதோ விபரீதம் என்று நடுங்குகிறார்கள்.

ஊசி போடப் போகும்போதே, பையனின் எடைக்குக் காய்ச்சல் மருந்து எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ராத்திரி இரண்டு மணிக்குக் கணக்குப் போட வேண்டாம். வலிப்பு வருவது அபூர்வம். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சீக்கிரமே நின்றுவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மேசையில் கிடத்துவது பற்றி: கிடத்தக் கூடாது. குழந்தையைப் பெற்றவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் ஊசி போடும்போதே பால் கொடுக்கலாம், வலி குறையும் என்று உலக சுகாதார நிறுவனமே 2015இல் சொல்லியிருக்கிறது. உள்ளே போனதும் அக்கா "நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடட்டும். கேட்க வேண்டாம், சொல்லட்டும். பிள்ளையின் மார்பு தன் மார்போடு ஒட்டி இருக்கும்படி அணைத்துக்கொண்டால் கை தானாக அடங்கும், முகமும் பக்கத்தில் இருக்கும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பல வருடம் கிடத்தித்தான் போட்டேன், அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.


கறார் எழுதியது:

அந்தப் பதினோரு இணைப்பையும் அழித்துவிடு தம்பி. என்னுடையதையும் சேர்த்து.


வெள்ளெலி எழுதியது:

அழித்துவிட்டேன் அண்ணா.

வியாழக்கிழமை போகிறார்கள். எட்டாம் நாள் என்ன கிழமை என்று அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டாள், வெள்ளி. அன்றைக்கு ராத்திரி நான் அங்கேதான் படுக்கப் போகிறேன், சனி ஞாயிறும் இருக்கச் சொல்லியிருக்கிறாள்.